கணிப்பொறிக்கு ஒரு காவல்நாய்

உங்கள் பள்ளி விஞ்ஞானக் கழகம் ஒரு சிறிய வலைத்தளம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கி நிற்பது எங்கோ தொலைவில் உள்ள ஒரு கணிப்பொறி. 'மேகக் கணிமை' என்று சொன்னாலும் அது வானத்தில் இல்லை. பெரிய கட்டடம் ஒன்றில் அடுக்கடுக்காக நிற்கும் கணிப்பொறிகளில் ஒன்றின் சிறு பங்கை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்து வழங்குவதால் அதற்குச் சர்வர் என்று பெயர். இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால் யார் எழுப்புவது?

ஏன் நிற்கிறது?

சிறிய சர்வரில் நினைவகம் 512 மெகாபைட் மட்டுமே இருக்கலாம். எடுத்த இடத்தைத் திருப்பித் தராத புரோகிராம் ஒன்று அதில் ஓடினால் என்ன ஆகும்? நூலகப் புத்தகங்களை எடுத்துக்கொண்டே போய், ஒன்றையும் திருப்பித் தராதவரைப்போல நினைவகத்தைக் காலியாக்கிவிடும். அப்போது லினக்ஸ் இயக்க அமைப்பு, மற்றவற்றைக் காப்பாற்றுவதற்காக, அதிக இடம் பிடித்திருக்கும் புரோகிராமை நிறுத்திவிடும். பல சமயங்களில் பலியாவது வலைத்தளத்தை நடத்தும் புரோகிராமே!

இன்னொரு வகையும் உண்டு. ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இருவர், 'நீ முதலில் விலகு' என்று நின்றுவிடுவதுபோல, இரு புரோகிராம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். இங்கே எதுவும் சாகவில்லை. ஆனால் வேலையும் நடக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வகையைக் கண்டுபிடிப்பது எளிது. லினக்ஸில் 'சிஸ்டம்டி' என்னும் மேற்பார்வைப் புரோகிராம் இருக்கிறது. 'இது நின்றால் மறுபடி தொடங்கு' என்று அதனிடம் ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும்.

இரண்டாவது வகைக்கு இது பயன்படாது. பட்டியலைப் பார்த்தால் புரோகிராம் உயிரோடுதான் இருக்கும். ஆகவே, 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பயனில்லை, 'வேலை செய்கிறாயா?' என்று கேட்க வேண்டும். வேறொரு கணிப்பொறி நிமிடத்துக்கு ஒரு தடவை வலைத்தளத்தின் ஒரு பக்கத்தைக் கேட்கட்டும். எல்லாம் சரியானால் பதிலுடன் 200 என்ற எண் வரும். 10 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் ஒரு தவறு என்று குறித்துக்கொள்ளட்டும். ஒரே தவறுக்கு அவசரப்படக் கூடாது. வழியில் இணைப்புத் தடுமாறியிருக்கலாம். தொடர்ந்து மூன்று தவறுகள் நேர்ந்தால் சர்வரை மறுபடி தொடங்கலாம்.

வேறொரு கணிப்பொறி எதற்கு? மயங்கி விழுந்தவர், 'நான் மயங்கிவிட்டேன்' என்று கூவ முடியுமா?

கணிப்பொறிக்கு உள்ளேயும் இப்படி ஒரு காவலை வைப்பதுண்டு. அதற்கு வாட்ச்டாக் டைமர், அதாவது காவல்நாய்க் கடிகாரம், என்று பெயர். அது 30, 29, 28 என்று இறங்கி எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தைத் தொடுமுன் புரோகிராம் அதற்கு ஒரு சைகை தரவேண்டும். தந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தராவிட்டால் கடிகாரம் கணிப்பொறியையே அணைத்துத் தொடங்கிவிடும்.

செவ்வாயில் நடந்தது

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி திரும்பத் திரும்பத் தானாக அணைந்து தொடங்கியது. காரணம் என்ன? முக்கியத்துவம் குறைந்த வானிலைப் பணி ஒன்று பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. மிக முக்கியமான பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தரப் பணிகளோ இடையே புகுந்து, வானிலைப் பணியை முடிக்கவிடாமல் தடுத்தன. முக்கியப் பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கணிப்பொறியை மறுபடி தொடங்கியது.

கலம் பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அன்றைய மீதி வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. கலிஃபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் அதே கோளாறைப் பூமியில் வரவழைத்துக் காரணத்தைக் கண்டார்கள். பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகத் தரும்படி ஒரு சிறு மாற்றத்தை அனுப்பினார்கள். கோளாறு நீங்கியது!

முதலுதவி மட்டுமே

மறுதொடக்கம் மருந்தன்று, முதலுதவி. புரோகிராமில் எழுத்துப் பிழை இருந்தால் ஆயிரம் தடவை எழுப்பினாலும் அது விழவே செய்யும். அதனால்தான் சிஸ்டம்டி, வேறு கட்டளை இல்லாவிட்டால், 10 விநாடிக்குள் 5 தடவை தொடங்கிப் பார்த்துவிட்டு முயற்சியைக் கைவிடுகிறது. பிறகு மனிதரை அழைக்க வேண்டியதுதான். அவர் காரணத்தைத் தேட உதவும் நிகழ்ச்சிக் குறிப்புகளை வட்டில் எழுதிவைக்க வேண்டும். நினைவகத்தில் இருந்த தடயங்கள் மறுதொடக்கத்தில் அழிந்துபோகும் அல்லவா?

இறுதியாக உங்களுக்கு ஒரு கேள்வி: சர்வரைக் கவனிக்கும் அந்த வேறொரு கணிப்பொறியே நின்றுபோனால் என்ன செய்வது? நண்பர்களோடு சேர்ந்து யோசித்துப் பாருங்கள்.