காயம் காய வேண்டுமா?

"காயம் காய்ந்தால்தான் ஆறும்" என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. ஆனால் 1962இல் பிரித்தானிய ஆய்வாளர் ஜோர்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடி, ஏனையவற்றைத் திறந்தே விட்டார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக வளர்ந்தது. காய்ந்த காயத்தில் தோற்கலங்கள் பொருக்கின் அடியால் வழி தேடிச் செல்ல வேண்டும். ஈரப்பதன் இருந்தால் அவை தடையின்றி நகரும். இன்று ஈரங்காக்கும் பலவகை மருந்துக்கட்டுகள் பாவனையில் உள்ளன.

நீரிழிவு முற்றியவர்களின் பாதங்களில் உணர்ச்சி குறைவதால், புண் வந்தாலும் வலி தெரியாமற் போகலாம். ஆகவே நீரிழிவுள்ள வாப்பா, உம்மும்மாவின் பாதங்களை நாள்தோறும் பார்ப்போம். சிறு புண்ணாயினும் கோப்பித்தூளோ மஞ்சளோ தூவிக் காயவிடாமல், சுத்தமாக மூடி உடனே வைத்தியரிடம் காட்டுவோம்.