ஏலத்தில் வீடு: பத்து வீதம் போதுமா?

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெண்பிள்ளை பிறந்தாலே பெற்றோருக்கு வீட்டுக் கவலை தொடங்கிவிடும். கலியாணத்துக்குள் கட்டி முடிக்க இயலாதவர்கள், பத்திரிகையில் வரும் வங்கி ஏல விளம்பரங்களை ஆவலோடு பார்க்கிறார்கள். "பத்து வீதம் கட்டினால் போதுமாம்!"

போதாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், கடன் செலுத்தாதவரின் ஈட்டுச் சொத்தைக் குறித்த நிபந்தனைகளின் கீழ், வழக்கின்றியே பகிரங்க ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு இடமளிக்கிறது. ஏலம் முடிந்த கையோடு 10 வீதத்துடன் ஏலக்காரர் தரகு, உள்ளூராட்சி வரி, விளம்பரச் செலவில் ஒரு பங்கு ஆகியவற்றையும் கட்டவேண்டும். மீதி 90 வீதத்துக்குப் பொதுவாக 30 நாள்தான் தவணை. தவறினால் கட்டிய முற்பணம் போய்விடும். வீடு மறுபடி ஏலத்துக்கு வரும்.

ஆகவே மீதிக்கு வழி செய்துகொண்டே ஏலத்துக்குப் போங்கள். வட்டியைத் தவிர்ப்போருக்கு, வங்கியுடன் கூட்டாக வாங்கி அதன் பங்கைச் சிறுகச் சிறுக மீட்கும் இஸ்லாமிய வங்கிமுறை உண்டு. அதற்கும் அனுமதி கிடைக்க நாளெடுக்கும். சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் உறுதியைச் சரிபாருங்கள். வீட்டில் இருப்பவர் வெளியேற மறுத்தால் மாவட்ட நீதிமன்றக் கட்டளை பெறவேண்டும்.

இன்னொன்று. அதுவும் ஒரு மகளுக்காகக் கட்டிய வீடாக இருக்கலாம். ஏலத்துக்கு முன் நிலுவையைக் கட்டினால் விற்பனை நின்றுவிடும். சொந்தத்திலோ அயலிலோ ஒருவர் அந்த நிலையில் இருந்தால், விலை கேட்கப் போகுமுன் கைகொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.