இல்லாத ஊருக்கு வழி – 6: கோடி போகிற இடம்

கோலார் பக்கம் பேத்தமங்களா ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறோம், நானும் அக்கா மகளும். ஏழாவது படிக்கிறாள். மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் கிளிப் போட்ட வெள்ளைத் தாள், தாளில் அவளுடைய நாடு. இன்னும் பெயர் வைக்கவில்லை.

போன வாரம் கடற்கரை வரைவதைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தாளில் கொட்டி, லேசாகத் தட்டிப் பரப்பி, அது நின்ற விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரும் முறை. இவளும் அப்படித்தான் செய்தாள். வெறுங்கையால் வரைந்தால் வளைவுகள் எல்லாம் ஒரே அளவாக, முறுக்குப் பிழிந்தது போல வந்துவிடும். கேழ்வரகு அப்படி விழாது. வடக்கே ஆழமான ஒரு குடா, தெற்கே மூக்கு நீட்டிய முனை, ஓரத்தில் சிதறிய நாலு தீவு என்று கடற்கரை அருமையாக அமைந்திருந்தது. நடுவில் மலைத்தொடர். அதுவரை சரி.

ஆறு வந்த இடத்தில்தான் சிக்கல். மலையில் புறப்பட்ட ஆறு பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கிழக்குக் கடலுக்கும் ஒன்று மேற்குக் கடலுக்கும் போனது. கிழக்கே போனது ஓர் ஏரியில் விழுந்தது. அந்த ஏரியிலிருந்து மூன்று ஆறுகள் மூன்று திசைக்குக் கிளம்பின.

“ஆறு இப்படிப் பிரியாதும்மா” என்றேன்.

“எல்லா ஊருக்கும் தண்ணி வரணும் இல்ல மாமா?” என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்து வளரும் பிள்ளை வேறெப்படி வரையும்? அவள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. தண்ணீர்தான் அந்த ஆசைப்படி ஓடுவதில்லை.

கற்பனை நாட்டுக்கு வரைபடம் போடத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். என் முதல் வரைபடத்தில் ஓர் ஆறு ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிந்தது. அரக்கர்களையும் பறக்கும் மலைகளையும் வாசகர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார். மேடு ஏறும் ஆற்றைப் பார்த்தால் அவர் கண் நின்றுவிடும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், இது மெய்யான நிலம் இல்லை என்பது தெரிந்துபோகும்.

வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது மேல் என்று, கரையோரம் கொட்டிக் கிடந்த மண்மேட்டுக்கு அவளைக் கூட்டிப் போனேன். மேட்டு உச்சியில் பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றச் சொன்னேன். தண்ணீர் முதலில் விரல் அகலத்துக்குப் பரவி, ஒரு கல்லைத் தொட்டு இரண்டு ஓடையாகப் பிரிந்தது. “பாருங்க மாமா, பிரியுது!” என்று கத்தினாள். இன்னும் ஊற்றச் சொன்னேன். வலப்பக்கத்து ஓடை ஒரு நூல் அளவுக்குத் தாழ்ந்த இடம். அங்கே தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடியது. வேகமாக ஓடியதால் மண்ணை அரித்தது, அரித்ததால் பள்ளமானது, பள்ளமானதால் இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டது. பாட்டில் காலியாவதற்குள் இடப்பக்கத்து ஓடை வெறும் ஈரத்தடம். ஆற்றின் வேலை முழுவதும் அந்த ஒரு சாண் மண்ணில் நடந்து முடிந்தது. இறங்கும் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். சரிவான நிலத்தில் ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்தால், சீக்கிரமே ஒன்று மற்றதைக் குடித்துவிடும்.

ஏரிக்கும் இதே நியாயம்தான். நிரம்பிய ஏரி நாலா பக்கமும் வழியாது. விளிம்பில் எது மிகத் தாழ்வோ அங்கே மட்டும்தான் வழியும். அந்த இடத்தைக் கல் வைத்துக் கட்டி, கோடி என்று பெயர் வைத்திருக்கிறோம். தெற்கே கலிங்கு என்பார்கள். மதகு வேறு சங்கதி, அது நாமே திறந்து மூடுவது. ஆக, மனிதன் கை படாத ஏரியை வரைந்தால் வெளியேறும் வழி ஒன்று போதும்.

நந்தி மலைப் பக்கத்தை ஒருமுறையாவது வரைபடத்தில் உற்றுப் பாருங்கள். கற்பனை நிலம் வரைகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை. அந்த மேட்டு நிலத்தில் பிறக்கும் வட பெண்ணை வடக்கே போய், கடப்பை வழியாகச் சுற்றி நெல்லூர்ப் பக்கம் கடல் சேர்கிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடலூருக்கு. அர்க்காவதி தெற்கே இறங்கிக் காவிரிக்கு. நம் பாலாறு பேத்தமங்களாவில் தேங்கி, கோடி தாண்டி, ராமசாகர ஏரியைத் தொட்டு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, வேலூர் வழியாக வயலூரில் கடலுக்குப் போகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. வழியில் கவுண்டின்ய நதி, பொன்னை, செய்யாறு எல்லாம் வந்து சேர்கின்றன. ஒரு மேட்டின் இந்தச் சரிவில் விழுந்த மழைத்துளி வயலூருக்கு, அந்தச் சரிவில் விழுந்தது நெல்லூருக்கு. இதைத் தாளில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. ஆறு வரைவதற்கு முன்னால், மலைமுகடுகளை இணைத்து மங்கலாக ஒரு பென்சில் கோடு போடுங்கள். எந்த ஆறும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கடைசியில் அதை அழித்துவிடலாம்.

“அப்போ காவிரி? முக்கொம்பில பிரியுதே!” என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். நல்ல கேள்வி, தமிழ் வாசகர் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. அங்கே சரிவு தீர்ந்துவிட்டது. சமவெளிக்கு வந்த ஆறு, தான் சுமந்து வந்த வண்டலைத் தானே இறக்கிப் போட்டு, தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, கொள்ளிடமாகவும் காவிரியாகவும் கிளை விடுகிறது. கடலோரத் தட்டை நிலத்தில் எத்தனை கிளை வேண்டுமானாலும் வரையுங்கள், தப்பே இல்லை. மேட்டு நிலத்தில் பிரிந்தால் தீவு ஒன்றைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேரவேண்டும். சிவசமுத்திரத்தில் காவிரி அப்படித்தான் ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவியாக விழுந்து ஒன்றாகிறது. அந்த வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம்தான் 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் வந்து கோலார் தங்கவயல் சுரங்கங்களில் எரிந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த நம் லைன் வீடுகளின் கதை ஓர் ஆறு பிரிந்து சேர்ந்த இடத்தில் போய் முட்டுகிறது என்று சொன்னதும் அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன்.

மழையையும் மறந்துவிடாதீர்கள். கடற்காற்று மோதும் பக்கம் மலை பச்சையாக இருக்கும், மறுபக்கம் காயும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கோலாரில் 750ஐ ஒட்டித்தான்.

ஆர்.கே. நாராயணின் மால்குடியைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க சங்கர் நாக் தேர்ந்தெடுத்த ஊரும் அதே ஆகும்பேதான். நாராயண் முதலில் கதை எழுதினார். சரயு நதியும் மெம்பி மலையும் கதைக்குக் கதை நிலையாக நின்றதால், பின்னால் மற்றவர்களால் மால்குடிக்கு வரைபடமே போட முடிந்தது. ஸ்டீவன்சன் இதற்கு நேர் எதிர். 1881இல் ஸ்காட்லாந்தில், மழைக்கு வீட்டுக்குள் அடைந்திருந்த நாளில், வளர்ப்பு மகனோடு சேர்ந்து ஒரு தீவுக்கு வண்ணம் தீட்டினார். அதிலிருந்துதான் ‘டிரெஷர் ஐலண்ட்’ பிறந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்த வரைபடம் தொலைந்துபோக, எழுதிய கதையை வரிவரியாகப் பார்த்து மறுபடி வரையவேண்டி வந்தது அவருக்கு. எந்த வழியில் தொடங்கினாலும் சரி, வரைந்ததை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அவள் ரப்பரை எடுத்து மேற்கே போன ஆற்றை அழித்தாள். கிழக்கு ஏரிக்கு ஒரு கோடி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகும் ஆறு இல்லாமல் போன மேற்குப் பக்கத்து ஊர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வற்றாத ஆறு ஓடாத கோலார் சீமையில் முன்னோர் என்ன செய்தார்கள் என்று எதிரே கையைக் காட்டினேன். ஓர் ஏரியின் கோடித் தண்ணீர் அடுத்த ஏரிக்கு, அதன் கோடி அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாக வெட்டிவைத்தார்கள். ஆறு தானாகச் செய்யாததை மண்வெட்டி செய்தது.

சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்களில் தண்ணீர் நிற்கும் இடம் நீலம், வறண்டு கிடக்கும் ஓடை கறுப்பு என்பதையும் சொன்னேன். ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை விளக்கத் தேவைப்படவில்லை. நீலப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கறுப்பு ஜெல் பேனாவை எடுத்தாள். மேற்கு மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஏரி, அதன் கோடியிலிருந்து விட்டுவிட்டு ஒரு கறுப்புக் கோடு, அடுத்த ஏரி, மறுபடி கோடு. ஐந்தாவது ஏரி வரைந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. ஏரிக்கு மட்டும் நீலம் அடிக்கலாமா என்று கேட்டாள். மழை பெய்த வருஷத்தின் படமா, பெய்யாத வருஷத்தின் படமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, முதல் இரண்டு ஏரிக்கு மட்டும் அடித்தாள்.