கங்கையில் படகு விட எந்த உடை?

டில்லியில் ஹோலி கழிந்ததும் ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் நம்மவர்களில் இளவட்டங்கள் ரிஷிகேசத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கங்கா ஸ்நானத்துக்கு மட்டுமல்ல. சிவபுரியிலிருந்து ரப்பர் படகில் வருவதற்கும், துணிச்சல் உள்ளவர்கள் 'கயாக்' ஓட்டப் பழகுவதற்கும்தான். நல்ல விளையாட்டு, சந்தேகமில்லை. ஆனால் போட்டுக்கொண்டு போகும் உடை? பருத்திப் பனியனும் ஜீன்ஸும்!

வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்பார்கள். அடிப்பது வெயில், விழப்போவது தண்ணீரில். தேவப்பிரயாகையில் கூடும் அலகநந்தா, பாகீரதி இரண்டுமே பனிமலையில் பிறந்தவை. கோமுகத்தில் உருகிய பனி ரிஷிகேசம் வருவதற்குள் வெந்நீராகிவிடாது. சித்திரை வெயிலிலும் காலை வைத்தால் சுரீர் என்கிறது.

கயாக் என்பது ஒருவர் உட்காரும் ஒடுக்கமான படகு. ஓட்டுபவரின் இடுப்பில் பாவாடை போன்ற ஒன்றைக் கட்டி, அதன் விளிம்பால் படகின் வாயை மூடிவிடுவார்கள். இது கவிழ்வது சர்வ சாதாரணம். துடுப்பை வீசிப் படகோடு நிமிரத் தெரியாதவர், பாவாடையின் வாரை இழுத்துவிட்டு வெளியே வந்து நீந்த வேண்டியதுதான். ஆகவே படகில் உட்காருவதற்கான உடை போதாது. தண்ணீரில் கிடப்பதற்கான உடை வேண்டும்.

முதல் நிமிஷம்

"காவிரியில் நீந்தின உடம்பு சார்!" என்று மார்தட்டுபவர்கள் உண்டு. கடுங்குளிர் நீரில் திடீரென்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரருக்கும் மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும். அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரும் சேர்ந்து போகும். ஒரு நிமிஷம் வரை மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். பிறகு விரல்கள் மரத்துப்போகும். சுமார் 10 நிமிஷத்தில், வீசிய கயிற்றைப் பிடிக்கக்கூடக் கை வராது. உடம்பு விறைத்து நினைவு தப்ப இன்னும் வெகுநேரம் ஆகும். அதற்கு முன்பே மூழ்கிவிடுபவர்கள்தான் அதிகம். லைப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டச் சொல்வது இதனால்தான்.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகத்தில் உடற்சூட்டை உறிஞ்சும். நனைந்த பருத்தி சூட்டைக் காப்பதே இல்லை. ஜீன்ஸோ கனத்துப்போய்க் கரையேறவும் விடாது.

'வெட் சூட்' என்பது நியோப்ரீன் ரப்பரால் ஆனது. அதற்குள்ளும் தண்ணீர் வரும். ஆனால் வந்த தண்ணீர் தோலை ஒட்டி நின்று உடம்பின் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும். தொளதொளவென்று இருந்தால் புதுத் தண்ணீர் வந்துபோய்க்கொண்டே இருக்கும், பயனில்லை. வாடகைக்கு எடுப்பவர்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் போட்டுப் பார்த்து, பிடிப்பாக இருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். கூச்சம் வேண்டாம். 'டிரை சூட்' விலை அதிகம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கித் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் அது தானாகச் சூடு தராது. உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடை போட வேண்டும். காலுக்கு ஹவாய் செருப்பு உதவாது, முதல் அலையோடு போய்விடும். தலைக்கு ஹெல்மெட் கட்டாயம்.

இவ்வளவும் போட்டால் வெயிலில் வேர்த்து ஊற்றாதா? ஊற்றும். கையால் தண்ணீரை அள்ளி மேலே தெளித்துக்கொண்டால் சரியாகிவிடும்.

நடுங்கிக்கொண்டு கரையேறுபவரின் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, கம்பளி போர்த்துங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. தெளிவாகப் பேசினால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, தூக்கம் சொக்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், படுக்கவைத்தபடியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். யாராவது பிராந்தி பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.