கோப்பையை வென்றார்... 16-வது நாளில் வேலையை இழந்தார்! - ஒரு பிடிவாதக்கார கோச்சின் கதை

2023 நவம்பர் 6. லண்டனில் டாட்டன்ஹாம் அணியின் சொந்த மைதானம். எதிரில் செல்சீ. ரொமேரோ, உடோகி என இரண்டு டிஃபெண்டர்கள் ரெட் கார்டு வாங்கி வெளியேற, டாட்டன்ஹாம் ஒன்பது பேராகச் சுருங்கிவிட்டது. ஸ்கோர் 1-1.

இந்த நிலைமையில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் என்ன செய்வார்கள்? மிச்சமிருக்கும் எல்லோரையும் கோல் கம்பத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால், ஆஞ்சி போஸ்டெகோக்லூ அதைச் செய்யவில்லை. அவருடைய டிஃபெண்டர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வாசலைத் திறந்துபோட்டுவிட்டு தெருமுனையில் காவலுக்கு நிற்பதுபோல!

முடிவு, 1-4 தோல்வி. ஆனாலும், சொந்த ரசிகர்கள் கைதட்டித்தான் வழியனுப்பினார்கள். 'ஐந்து பேர்தான் மிச்சம் என்றாலும் இப்படித்தான் ஆடுவோம்' என்கிற ரீதியில் பேசினார் ஆஞ்சி.

புஷ்காஷின் டிரைவர்

ஏதென்ஸில் 1965-ல் பிறந்த ஆஞ்சி, ஐந்து வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். மெல்போர்னில் கிரேக்கக் குடியேறிகள் தொடங்கிய கிளப்பில் டிஃபெண்டராக ஆடி, கேப்டனும் ஆனார். அங்கே அவருக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஹங்கேரியின் ஜாம்பவான் ஃபெரென்ச் புஷ்காஷ். கிரேக்கம் தெரிந்த புஷ்காஷுக்குக் கார் ஓட்டியதும், அவர் சொல்வதை மொழிபெயர்த்ததும் ஆஞ்சிதான். எதிரணி மூன்று கோல் போட்டால் நாம் நான்கு போடலாம் என்கிற துணிச்சலை அந்த நாள்களில்தான் கற்றுக்கொண்டார்.

அந்தத் துணிச்சல் அவருக்குக் கோப்பைகளைக் கொடுத்தது. ஆஸ்திரேலியா, ஜப்பான், ஸ்காட்லாந்து என மூன்று நாடுகளில் லீக் சாம்பியன். 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை. 2023-ல் டாட்டன்ஹாமுக்கு வந்தவுடன், முதல் 10 லீக் போட்டிகளில் 26 புள்ளிகள் எடுத்து அணி முதலிடத்தில் இருந்தது. பதினோராவது போட்டிதான் அந்த செல்சீ ஆட்டம். சீசனை ஐந்தாவது இடத்தில் முடித்தது அணி.

எல்லாம் சரிந்த இரண்டாவது வருடம்

2024 செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற பிறகு, 'இரண்டாவது வருடத்தில் நான் எப்போதும் கோப்பை வெல்வேன்' என்றார் ஆஞ்சி. பலரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது.

டிஃபெண்டர்கள் நடுக்கோடு வரை ஏறி நின்றால், அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். எதிரணி அங்கே பந்தைத் தட்டிவிட்டால் திரும்பி ஓடிப் பிடிக்க அதிவேகக் கால்கள் வேண்டும். அப்படிப்பட்ட கால்கள் வான் டி வென்னுடையவை. அவர் காயமடைந்தார். ரொமேரோவுக்கும் காயம். கோல்கீப்பர் விகாரியோவுக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. மிட்ஃபீல்டரான 18 வயது ஆர்ச்சி கிரே, டிஃபென்ஸின் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. ஆட்கள் மாறினாலும் லீக்கில் ஆட்டமுறை மட்டும் பெரிதாக மாறவில்லை.

38 லீக் போட்டிகளில் 22 தோல்வி. 20 அணிகளில் 17-வது இடம். இன்னும் ஒரு படி இறங்கினால், கீழ் டிவிஷன்தான். 2025 ஏப்ரலில் செல்சீக்கு எதிராக ஒரு வீரரை மாற்றியபோது, சொந்த ரசிகர்களே ஆஞ்சியைக் கேலி செய்து கோஷம் போட்டார்கள். மாற்று வீரராக வந்த சார் பந்தை வலைக்குள் அடித்ததும், 'இப்போது சொல்லுங்கள்' என்பதுபோல ரசிகர்கள் பக்கம் திரும்பிக் காதில் கை வைத்தார் ஆஞ்சி. அந்த கோலும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது!

பிடிவாதம் தளர்ந்த இரவு

லீக்கில் சரிந்தாலும், யூரோப்பா லீக்கில் அணி முன்னேறிக்கொண்டே இருந்தது. அங்கே மெள்ள மெள்ள வேறு ஒரு டாட்டன்ஹாம் தெரிந்தது. ஃப்ராங்ஃபர்ட்டில் பெனால்டியில் கிடைத்த ஒரே கோலைப் பொத்திப் பாதுகாத்து அரையிறுதிக்குப் போனார்கள்.

மே 21, பில்பாவோவில் இறுதிப்போட்டி. எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவரும் காயத்தால் இல்லை. 42-வது நிமிடத்தில் ப்ரென்னன் ஜான்சன் கோல் போட்டார். அதன் பிறகு டாட்டன்ஹாம் பின்னால் இறங்கி, சுவர்போல நின்றது. 68-வது நிமிடத்தில் ஹொய்லுண்ட் தலையால் முட்டிய பந்தை, கோல் கோட்டின் மேல் அந்தரத்தில் பாய்ந்து காலால் வெளியே தள்ளினார் வான் டி வென். கடைசிக் கட்டத்தில் கோல் போட்ட ஜான்சனையே வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு டிஃபெண்டரை இறக்கினார் ஆஞ்சி. ஒன்பது பேர் இருந்தபோது செய்ய மறுத்ததை, பதினோரு பேர் இருக்கும்போது செய்தார்.

1-0. டாட்டன்ஹாமுக்கு 17 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பை. 2015-ல் கிளப்புக்கு வந்த கேப்டன் சன்னுக்கு அங்கே இதுதான் முதல் கோப்பை. 'நல்ல தொடர்களில் மூன்றாவது சீசன் இரண்டாவதைவிட நன்றாக இருக்கும்' என்று வெற்றி ஊர்வலத்தில் ஜோக் அடித்தார் ஆஞ்சி.

ஜூன் 6 அன்று கிளப் அவரை நீக்கியது. ஒரு வெற்றி தரும் உணர்ச்சியில் முடிவெடுக்க முடியாது என்றது நிர்வாகம். 22 தோல்விகளைப் பார்த்தால் அதையும் தப்பு சொல்ல முடியாது. ஆனால், அத்தனை தோல்விகளில் நசுங்கிய வீரர்கள் பலர், சமூக வலைதளங்களில் அவருக்கு உருக்கமாக நன்றி சொன்னார்கள்.

39 நாள்கள்

செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை அழைத்தது. பின்னால் இறங்கி நின்று, சமயம் பார்த்துப் பாய்ந்து பழகிய அணி அது. சீசன் தொடங்கிய பிறகு வந்த ஆஞ்சி, தன் பழைய பாணிக்கே அவர்களை மாற்றப் பார்த்தார். எட்டுப் போட்டிகளில் இரண்டு டிரா, ஆறு தோல்வி. அக்டோபர் 18 அன்று செல்சீயிடம் 0-3 எனத் தோற்று, ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் நீக்கப்பட்டார். அவர் அங்கே இருந்தது 39 நாள்கள்தான்.

ஆட்டமுறை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டாட்டன்ஹாம் வீரர்கள் இரண்டு வருடம் அவரோடு ஜெயித்தார்கள், தோற்றார்கள், திட்டு வாங்கினார்கள். அதனால்தான் பில்பாவோவில் அவர் 'பின்னால் இறங்குங்கள்' என்றபோதும் நம்பி இறங்கினார்கள். ஃபாரஸ்ட் வீரர்களுக்கு அவரை நம்புவதற்கு நேரமே கிடைக்கவில்லை!