பேஸ் கிட்டாரின் நாதம் எங்கே பிறக்கிறது?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாரியம்மன் கோவில்களில் திருவிழாக்கள் தொடங்கிவிடும். இரவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். பாடகரையும் கீபோர்டு வாசிப்பவரையும் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் மேடையின் ஓரத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், நான்கே தடித்த கம்பிகள் கொண்ட ஒரு கிட்டாருடன் ஒருவர் நின்றுகொண்டிருப்பாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் வாசிப்பதை நிறுத்தும்போதுதான் அவர் இருந்ததே பலருக்குத் தெரியவரும். பாட்டின் அடித்தளமே போய்விட்டது போல இருக்கும்.

அந்தக் கருவியின் பெயர் பேஸ் கிட்டார். தமிழ்த் திரையிசையில் அதற்குத் தனிக் குரல் கிடைத்தது 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில்தான் என்பது என் கருத்து. அவருடைய குழுவில் சசிதரனும், பின்னர் ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் கேட்டே நம் ஊர் இளைஞர்கள் பலர் இக்கருவியைக் கையில் எடுத்தார்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரும் அப்படி எடுத்தவர்தான். ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "சார், பாட்டில் கேட்கிற அந்த நாதம் என் கிட்டாரில் வரமாட்டேன் என்கிறது. விலை கூடிய கிட்டார் வாங்கட்டுமா, இல்லை ஆம்பை மாற்றட்டுமா?" என்று கேட்டார். ஒரு திருவிழாக் காலம் முழுவதும் வாசித்துச் சேர்த்த பணம் அவர் கையில் இருந்தது. இரண்டையும் வாங்க அது போதாது. தவறானதை வாங்கிவிட்டால் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். எனவே அவசரப்படாமல் இயற்பியலிடம் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

முதலில் கம்பி. இழுத்துக் கட்டப்பட்ட கம்பியின் விதிகளைச் சுரமானியில் சோதித்திருப்பீர்கள். நீளம் கூடினால் அதிர்வெண் குறையும்; இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும்; ஓரலகு நீளத்தின் நிறை கூடினால் அதிர்வெண் குறையும். சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த 'இ' கம்பி அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மற்ற மூன்று கம்பிகள் 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். இதற்காகக் கம்பியின் நீளத்தை ஏறத்தாழ 86.4 சென்டிமீட்டராக்கி, எஃகுக் கம்பியின் மேல் வேறொரு கம்பியைச் சுற்றித் தடிப்பாக்குகிறார்கள். ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை இருக்கும். நான்குக்கும் சேர்த்தால், வளர்ந்த ஓர் ஆள் அந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்குவது போல!

கம்பி அதிர்வதால் மட்டும் ஒலி பெரிதாகக் கேட்டுவிடாது. மெல்லிய கம்பியால் காற்றை அதிகம் தள்ள முடியாது. தஞ்சாவூர் வீணையில் அந்த வேலையைச் செய்வது பலாமரக் குடம். கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் பலகைக்குச் செல்கிறது. பலகை காற்றை அசைக்கிறது. ஆகவே வீணையின் நாதத்தில் மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' வேறு வழியில் சென்றது. அதற்குமுன் ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸைத்தான் தூக்கித் திரிந்தார்கள். குழுவின் மற்றக் கருவிகளுக்கு நடுவே அதன் ஒலி எடுபடவில்லை. ஃபெண்டரின் கருவியில் குடமே கிடையாது. உடல் ஒரு கெட்டியான மரப்பலகை. காற்றை அசைக்கும் வேலை முழுவதும் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் மரத்தின் பெருமையை எவ்வளவு பேசினாலும், கெட்டி உடல் கொண்ட கிட்டாரில் மரத்தின் பங்கு சிறியதே.

அப்படியானால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது எது? கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப். சில காந்தங்கள், அவற்றைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட, முடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பிச்சுருள். அவ்வளவுதான். எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அசையும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது; சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது. நைலான் கம்பியைக் கட்டினால் பிக்கப் ஊமையாகிவிடும்.

நாதத்தின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. கம்பி ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. 41.2 ஹெர்ட்ஸோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று சீரிசைகளும் கூடவே எழுகின்றன. அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதையே நாம் நாதப் பண்பு என்கிறோம். ஒவ்வொரு சீரிசைக்கும் கம்பியில் கணுக்கள் உண்டு. கணுவில் அசைவே இல்லை. ஒரு கணுவுக்கு நேர் கீழே பிக்கப் இருந்தால், அந்தச் சீரிசை பிக்கப்பின் கண்ணில் படாது!

கணக்கிட்டுப் பாருங்கள். குதிரையிலிருந்து 14.4 செ.மீ. தொலைவில் பிக்கப் இருப்பதாகக் கொள்வோம். திறந்த கம்பியின் நீளத்தில் இது ஆறில் ஒரு பங்கு. எனவே ஆறாவது சீரிசை காணாமல் போகும். இப்போது பன்னிரண்டாம் மெட்டில் விரலை அழுத்துங்கள். கம்பியின் நீளம் 43.2 செ.மீ. ஆகிறது. அதே பிக்கப் இப்போது மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. மூன்றாவது சீரிசை மறைகிறது. ஒரே கருவி, ஒரே கம்பி, ஒரே பிக்கப். ஆனால் மெட்டுக்கு மெட்டு நாதம் வேறு. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள் உள்ளன. குதிரைக்கு அருகில் இருப்பது மேல் சீரிசைகளை அதிகம் பிடித்துக் கூர்மையாகவும், கழுத்துப் பக்கம் இருப்பது அடிப்படைச் சுரத்தை அதிகம் பிடித்து உருண்டையாகவும் ஒலிக்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைத் திருகுகள் தீர்மானிக்கும்.

கம்பியை எங்கே மீட்டுகிறோம் என்பதற்கும் இதே விதிதான். குதிரைக்கு அருகே மீட்டினால் ஒரு நாதம், ஐந்து விரற்கடை தள்ளி மீட்டினால் இன்னொன்று. இதற்குக் காசு எதுவும் வேண்டாம்! கம்பியின் வயதும் சேர்த்தி. வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்குள் புகுந்தால் மேல் சீரிசைகள் சீக்கிரம் அடங்கிவிடும். சிலருக்கு அதுவே பிடிக்கும். மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் பழைய கம்பிகளையே விரும்பினார்.

பிக்கப் என்பது காந்தப் புலத்தின் மாற்றத்தை உணரும் கருவி. திருவிழா மேடையின் சீரியல் விளக்குகளுக்கும் மின் கம்பிகளுக்கும் காந்தப் புலம் உண்டே! நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து வரும். இவை பேஸ் கிட்டாரின் எல்லைக்கு நட்டநடுவே விழுகின்றன. 98 ஹெர்ட்ஸ் 'ஜி' கம்பியை மீட்டி, பின்னணியில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இருந்தால் என்ன கேட்கும்? விநாடிக்கு இரண்டு விம்மல்கள்! பாடப் புத்தகத்தில் இசைக்கவைகளை வைத்துப் படித்தது மேடையில் தானே வந்து நிற்கிறது. பிரிசிஷன் பேஸில் 1957 முதல் சுருளை இரண்டாகப் பிரித்து, எதிரெதிர்த் திசையில் இணைத்தார்கள். காந்த முனைகளையும் மாற்றி வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தூண்டப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் ஒலி மட்டும் தங்குகிறது.

இனிப் பெருக்கியும் ஒலிபெருக்கியும். 41.2 ஹெர்ட்ஸின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கும் மேல். இதை உண்டாக்குவது எளிதன்று. அதே ஒலிச் செறிவுக்கு, அதிர்வெண் பாதியானால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு அதிகமாக முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதனால்தான் 10, 12, 15 அங்குலக் கூம்புகளும், பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையை அழித்துவிடாமல் தடுக்கப் பெரிய பெட்டியும் தேவைப்படுகின்றன. நம் காதோ தாழ்ந்த ஒலிக்கு மந்தம். 1000 ஹெர்ட்ஸில் மெல்லக் கேட்கும் ஒலியோடு ஒப்பிட்டால், 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழுவதற்கே ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவு வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் வானொலியில் 41 ஹெர்ட்ஸ் வெளிவரவே வராது. ஆனாலும் இளையராஜாவின் பேஸ் வரிகளை அதில் கேட்டுத்தானே வளர்ந்தோம்? 165, 206, 247 ஹெர்ட்ஸ் என்று வரும் சீரிசைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் 41. இதைக் கண்டு, இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சுரம் கிடைத்துவிடுகிறது. நெஞ்சில் வந்து மோதும் அந்தக் காற்றுதான் கிடைப்பதில்லை.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்பதே. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குச் சற்றே கூடியது போலத் தோன்றும். இரு மடங்கு உரக்கக் கேட்கச் சுமார் பத்து மடங்கு திறன் வேண்டும். யாரும் கேட்காத எண் இன்னொன்று உண்டு. ஒரு வாட் திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஒலிபெருக்கி எத்தனை டெசிபல் தருகிறது என்பது பெட்டியின் விவரத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பெட்டி 94, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பெட்டியில் 100 வாட் செய்வதை முதலாவதில் செய்ய 400 வாட் தேவை. நம் மாணவர் இதைக் கேட்டதும் விவரத் தாளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். இரண்டு கிட்டார், இரண்டு பெருக்கி என்றால் நான்கு இணைகள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அதே கம்பி, அதே மீட்டும் இடம், அதே பாட்டு. முக்கியமாக, ஒலியின் அளவைச் சமமாக்க வேண்டும். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி போதும். ஏனெனில் உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும். கேட்பவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கருவியின் பெயரையும் பளபளப்பையும் பார்த்தால் காது நீதி சொல்லாது.

இப்படிப் பார்த்ததில் அவருடைய கிட்டாரில் குறை ஏதும் தெரியவில்லை, குறை பெட்டியில்தான். கம்பிகளை மட்டும் மாற்றி, மீதிப் பணத்தில் 15 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கினார். அதையும் கடையின் சிறு அறைக்குள் கேட்டு முடிவு செய்யவில்லை. 4.1 மீட்டர் நீள அறையில் 'இ' கம்பியின் அரை அலைநீளம் சரியாக அடங்கும். அங்கே ஒத்ததிர்வால் அந்தச் சுரம் பூதாகரமாக முழங்கும். பக்கத்துச் சுரமோ சோர்ந்து போகும். சுவரே இல்லாத இடத்தில் இந்த உதவியெல்லாம் கிடைக்காது.

அவருடைய குழு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் வாசிக்கப் போகும். அங்கே திறந்த வெளிதான். தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. ஆகவே பெட்டியை உயரமான தாங்கியில் ஏற்றாமல் தரையிலேயே வைக்கச் சொன்னேன். தரை ஒரு பக்கச் சுவராக வேலை செய்யும்.

மலையில் இன்னொன்றும் நடக்கும். கள்ளக்குறிச்சி வெயிலில் சுருதி சேர்த்த கருவி, மாலைக் குளிரில் சுருதி ஏறி நிற்கும். எஃகு சுருங்கி இழுவிசை கூடிவிடுகிறது. கோவில் நாகஸ்வரத்துக்கோ நேர்மாறு: குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் அதன் சுருதி இறங்கும். கீபோர்டு இரண்டுக்கும் அசையாது. எனவே மேலே போய்ச் சேர்ந்ததும் பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு, அதன் பிறகே கீபோர்டோடு சுருதி சேர்க்கிறார்கள்.