வெள்ளவத்தை பிளட்டுக்குள் ஈர உடுப்பு: தோய்த்து உலர்த்தும் மெஷின் நமக்குச் சரிவருமா?

அக்கா ரொறொன்ரோவிலிருந்து அனுப்பிய குரல் பதிவு ஒன்றரை நிமிடம் ஓடியது. "அம்மாவுக்கு இனிக் கை தூக்கேலாது. தோய்ச்சு, காயவைச்சு, மடிக்கிற பதத்துக்கு எடுத்துத் தாற மெஷின் இருக்கு. ரெண்டும் ஒண்டுக்குள்ளதான். காசு நான் போட்டு விடுறன். உங்கை எது நல்லது எண்டு பார்."

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒரு ஒழுங்கையில், நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. பல்கனி உண்டு. அதில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று தொடர்மாடி நிர்வாகக் குழு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, கட்டடத்தின் தோற்றம் கெட்டுவிடுமாம். மொட்டை மாடிக்கு லிப்ட் போகாது. கடைசிப் படிகளில் ஈர உடுப்பு வாளியோடு ஏறுவதுதான் அம்மாவின் பாடு. அவரது வலது தோளில் 95ஆம் ஆண்டின் ஷெல் துண்டு ஒன்று இன்னமும் கிடக்கிறது. கொடிக்குக் கை உயர்த்தினால் அது சொல்லிக்காட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இரவில் வீட்டில் ஈர உடுப்புக் கிடப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்திலிருந்து சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்த இரவு, கொடியில் கிடந்ததை அப்படியே உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தவர். எனக்கு அப்போது ஆறு வயது. நாவற்குழி தாண்டும்போது பையின் பாரத்தில் பாதி தண்ணீர்தான் என்று இப்போதும் சொல்வார். 2007இல் நாங்கள் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தோம். அவ்வாண்டு ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. எங்கள் லொட்ஜுக்கு யாரும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் விதி உறுதியாகிவிட்டது: "இரவைக்கு ஈரம் கிடக்கப்படாது, பிள்ளை." ஆகவே உலர்த்தும் மெஷின் எங்கள் வீட்டில் வெறும் சொகுசுக் கேள்வி அல்ல. மூன்று கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன், வாங்கியவர்களிடம் கேட்டேன், கணக்குப் போட்டேன்.

முதலில், கொழும்பில் ஏன் உடுப்புக் காய்வதில்லை? யாழ்ப்பாணத்தில் ஆடி மாதம் சோளகக் காற்றில் சாரம் ஒன்று ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுத்துவிடும். அதே தென்மேற்குக் காற்று கொழும்புக்கு மழையைக் கொண்டுவருகிறது. ஆண்டு மழை இங்கே யாழ்ப்பாணத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதன் 75, 80 வீதத்தில் நிற்கும். தான் ஏந்தக்கூடிய நீராவியில் ஐந்தில் நான்கு பங்கை ஏற்கனவே ஏந்திக்கொண்டிருக்கும் காற்று, நம் உடுப்பிலிருந்து எவ்வளவைத்தான் வாங்கும்? மரைன் டிரைவ் பக்கம் வசிப்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு சங்கடம். கடற்காற்று உடுப்பில் உப்புப் படியவிடும். உப்பு, ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் பொருள். காய்ந்த சேட் மாலையில் மறுபடி பிசுபிசுப்பது அதனால்தான், உங்கள் சவர்க்காரத்தில் பிழை இல்லை.

இனி மெஷின். தோற்றத்தில் இது முன்கதவு வோஷிங் மெஷின்தான். உயரம் 85 சென்ரிமீற்றர், அகலம் 60, ஆழமும் அதே அளவு, எடை 65 முதல் 80 கிலோ வரை. தோய்த்து, பிழிந்து, அதே உருளைக்குள் சூடான காற்றை ஓடவிட்டு உலர்த்துகிறது. கடையில் "எட்டு கிலோ" என்றுதான் சொல்வார்கள். கதவில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசியுங்கள். 8/5 என்று இருக்கும், அல்லது 9/6. எட்டு கிலோ தோய்க்கும், ஐந்து கிலோதான் உலர்த்தும். உலர்வதற்கு உடுப்பு உருண்டு விரிய இடம் வேண்டும், அதனால் இந்த வித்தியாசம். எட்டு கிலோ போட்டால் நடுவில் நிறுத்தி மூன்று கிலோ ஈர உடுப்பை வெளியே எடுத்து எங்காவது காயப்போட வேண்டும். கொடி இல்லாததால்தானே மெஷின் வாங்கினோம்!

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கும் தோழி இரண்டு வருடமாக இதைப் பாவிக்கிறாள். வாசலைத் திறந்தால் நடைபாதை, அதற்கப்பால் அடுத்த வீட்டுச் சுவர். மகளுக்கு ஆஸ்துமா. "உள்ளுக்குள்ளயே காயப்போட்டு சுவரெல்லாம் பூஞ்சணம் புடிச்சிருச்சு. அதான் வாங்குனேன்" என்றாள். "மொத மாசம் நெறைய போட்டுட்டு, துவாயெல்லாம் நடுவுல ஈரமாவே வருதுன்னு கடைக்காரரோட சண்டை. இப்ப பாதிதான் போடுறேன். ஆனா ஆறு மணி நேரம் ஓடுதுப்பா." அவள் மிகைப்படுத்தவில்லை. முழுச் சுற்று நான்கு முதல் ஆறு மணித்தியாலம். பிள்ளையின் வெள்ளைச் சீருடை மறுநாள் காலைக்குத் தயாராக வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேரமே தொடங்கிவிட வேண்டும். அவள் பெரும்பாலும் சீருடை, துவாய், உள்ளுடுப்பு மட்டும் உலர்த்துகிறாள். படுக்கை விரிப்பு உருண்டு பந்தாகி நடுவில் ஈரமாக இருக்கும், சேலை முறுக்கிக்கொள்ளும், பட்டை நினைக்கவே வேண்டாம்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஐந்து கிலோ உடுப்பை 1400 சுற்றில் பிழிந்த பிறகும் அதற்குள் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் தண்ணீர் மிஞ்சும். ஒரு லீற்றரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 அலகு மின்சாரம் வேண்டும். இது இயற்கையின் கணக்கு, சூடாக்கி உலர்த்தும் சாதாரண மெஷின் எந்தக் கம்பனியுடையது என்றாலும் குறையாது. அதற்கே ஒன்றரை அலகுக்கு மேல் போய்விடும். உருளை சூடாவது, வீணாகும் வெப்பம், தோய்க்கும் செலவு எல்லாம் சேர ஒரு தடவைக்கு மூன்றரையிலிருந்து ஐந்து அலகு வரை வரும். நான்கு என்று வையுங்கள். கிழமைக்கு மூன்று தடவை, மாதம் பன்னிரண்டு, ஆக 48 அலகு.

நாற்பத்தெட்டு பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் நமது மின்பட்டியல் படிப்படியாக ஏறுவது. வீட்டுப் பாவனையில் 60 அலகு ஒரு எல்லை, அதற்குப் பிறகு 90, 120, 180. படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். 80 அலகில் நிற்கும் குடும்பம் 128க்குப் போனால் இரண்டு எல்லைகளைத் தாண்டிவிடுகிறது, அந்த 48 அலகும் மலிவான அலகுகள் அல்ல. 2022 ஓகஸ்டுக்குப் பிறகு கட்டணம் எத்தனை தரம் மாறியது என்பதை நினைத்தால் இன்றைய விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை. உங்கள் கடைசிப் பட்டியலை எடுத்து 48ஐக் கூட்டிப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரே மீற்றரில் இரண்டு மூன்று அனெக்ஸ் ஓடும் வீடுகளில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அங்கே பட்டியல் ஏற்கனவே மேல் படியில் நிற்கும், பங்கு பிரிக்கும்போது "ஆர் அந்த மெஷின்காரர்" என்று விரல் உங்கள் பக்கம் திரும்பும்.

உலர்த்தும்போது மெஷின் 2000 வாட் அளவு இழுக்கலாம், அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். 13 ஆம்பியர் சதுர பிளக், ஒழுங்கான ஏர்த், அதற்கென்றே ஒரு வயர் கட்டாயம். பழைய வீட்டின் வட்ட பிளக்குக்கு மல்டி பிளக் போட்டு ஓட்டுவது நெருப்போடு விளையாட்டு. அதே நேரத்தில் கேத்தலும் அயனும் போட்டால் பழைய வயரிங் தாங்காது.

தண்ணீர்க் கதையைக் கடைகளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆவியைத் திரும்பத் தண்ணீராக்க ஏதாவது குளிர வேண்டும். பல கூட்டு மெஷின்கள் இதற்குக் குழாய்த் தண்ணீரையே பாவிக்கின்றன, உலர்த்தும் நேரம் முழுக்கக் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக ஓடவிட்டு வடிகாலில் விடுகின்றன. உலர்த்துவதற்கே சில பத்து லீற்றர் போய்விடும். கொழும்பில் தண்ணீர் வெட்டு அறிவிக்கும் நாளில் தாங்கி காலியானால் தோய்ப்பது மட்டுமல்ல, உலர்த்துவதும் நின்றுவிடும். மேல் மாடிக்காரருக்கு இன்னொரு பிரச்சினை. தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில் பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தாங்கிக்கு நேர் கீழே, மூன்று மீற்றரில் இருந்தால் 0.3 பார்தான். சில மெஷின்களுக்கு அது போதும், சிலவற்றுக்குப் போதாது. கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எழுதியிருக்கும், காசு கட்டுமுன் அதைக் கேளுங்கள். தண்ணீர் பாவிக்காமல் காற்றால் குளிர்விக்கும் மாதிரிகளும், பாதியளவு மின்சாரத்தில் வேலை செய்யும் வெப்பப் பம்பு வகையும் உண்டு. பின்னையது அருமையானது, விலையும் அப்படியே.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: தனி டிரையரில் பஞ்சுத் துகளைப் பிடிக்க வலை இருக்கும். கூட்டு மெஷின்கள் பலவற்றில் அது இல்லை, துகள் கதவு இறப்பரிலும் வடிகாலிலும் சேரும், கிழமைக்கொருமுறை துடைக்க வேண்டும். உப்புக் காற்று பல்கனியில் வைத்த மெஷினின் மின்பலகையைத் தின்றுவிடும் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் எச்சரித்தார். ஒன்று பழுதானால் இரண்டும் இல்லை.

அப்படியானால் யாருக்கு இது சரி? கொட்டாஞ்சேனைத் தோழியின் நிலைமையில் இருப்பவர்களுக்கு, தயக்கமில்லாமல். பல்கனியோ கொடியோ இல்லாத வீடு, நெஞ்சு வருத்தமுள்ள பிள்ளை, சிறு குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர். 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை, அதன்பின் தோட்டங்களை அகற்றிக் கட்டிய உயர்மாடிகளில் பல வீடுகள் 400 சதுர அடியளவானவை. ஒரு குடும்பத்தின் ஈர உடுப்பு எங்கே போகும் என்று அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள், அவர்களுடைய உடுப்பை வேறு யாரோ தோய்த்திருப்பார்கள். ஆனால் அந்த வீடுகளில் இருப்போரின் மின்பட்டியல்தான் இந்தச் செலவை ஆகக் குறைவாகத் தாங்கும்.

ஓரளவு இடமும் ஒரு ஜன்னலும் உள்ள வீட்டுக்கு என் முடிவு வேறு. மெஷினின் மிக மலிவான உலர்த்தி அதன் பிழியும் வேகம்தான். 1000 சுற்றில் பிழிந்த உடுப்பையும் 1400 சுற்றில் பிழிந்ததையும் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அதன்பின் ஒரு மின்விசிறி. 75 வாட் விசிறி எட்டு மணித்தியாலம் ஓடினால் 0.6 அலகு. ஜன்னலைத் திறந்து, உடுப்புகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, விசிறியைப் பக்கவாட்டில் வைத்தால் காலையில் தோய்த்தது இரவுக்குள் காய்கிறது. அடைமழை நாட்களில் சீலை மட்டும் பிடிவாதம் பிடிக்கும்.

அக்காவின் காசில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து 1400 சுற்று முன்கதவு மெஷின் ஒன்று வாங்கினேன். அம்மாவின் தோளுக்கு? பழைய சோனகத் தெருவில் கப்பி நான்கு, நைலோன் கயிறு, இரண்டு அலுமினியக் குழாய் வாங்கி, விறாந்தைச் சீலிங்கில் ஏறி இறங்கும் கொடி ஒன்று பூட்டுவித்தேன். இடுப்பு உயரத்துக்கு இறக்கி, உடுப்பைப் போட்டு, கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்தால் மேலே போகும். கை தூக்க வேண்டியதில்லை. பாஸிடம் விளக்கம் கேட்கவில்லை அம்மா. "எங்கடை கிணத்துக் கப்பிதானே" என்று இடது கையாலேயே இழுத்தார்.

இரவு ஒன்பது மணிக்குக் கொடியை இறக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். காய்ந்ததை மடித்து வைத்துவிட்டுத்தான் படுக்கை.

அக்கா மறுபடி குரல் அனுப்பினாள்: "அப்ப மிச்சக் காசு?" அம்மாவின் தோளுக்குப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுக்க நாள் பதிந்திருக்கிறேன் என்று பதில் போட்டேன்.